எண்ணெய்க் கிணற்றுக் கழிவுநீர்

எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் துளையிடும்போதும் அவற்றிலிருந்து உற்பத்தி நடக்கும்போதும் வெளியேறும் நீர் இப்பெயர் பெறும். துளைமுனையைக் குளிர்விக்கவும் பாறைத் துகள்களை மேலே கொண்டுவரவும் பெண்டோனைட் களிமண், பேரைட் முதலியன கலந்த சேறு கிணற்றுக்குள் செலுத்தப்படுகிறது. அதிலிருந்து பிரியும் நீர் ஒரு வகை. துளையிடும் வேலை முடிந்ததும் அது நின்றுவிடும். மற்றொரு வகை, பல கோடி ஆண்டுகளாகப் பாறை இடுக்கில் எண்ணெயோடு சேர்ந்து கிடந்து, அதனுடனேயே மேலேறி வரும் அடிநில நீர். கிணறு ஓடும்வரை இது வந்துகொண்டே இருக்கும். கிணறு பழையதாக ஆக, எண்ணெய் குறைந்து நீர் கூடும். உலக அளவில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ மூன்று பீப்பாய் நீர் வருகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்த நீரிலிருந்து எண்ணெயைப் பிரிப்பது கடினமான வேலை அல்ல. தொட்டியில் நிற்கவிட்டால் பெரும்பகுதி மேலே மிதந்துவிடும். மிச்சத்தை நுண்காற்றுக் குமிழ்களால் மிதக்கவைத்து வழித்தெடுத்து, பிறகு வடிகட்டிகளில் செலுத்துவார்கள். உண்மையான சிக்கல் கரைந்திருக்கும் உப்பு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு உண்டு. அடிநில நீர் சில களங்களில் அதைவிடக் குறைவாகவும், சிலவற்றில் அதைப்போல் பல மடங்காகவும் உவர்க்கும். பேரியம், போரான், சில இடங்களில் ரேடியம் ஆகியவையும் கலந்திருக்கும்.

உப்பை நீக்க என்ன தேவை என்பதைப் பார்க்கத் தமிழ்நாட்டில் ஏற்ற இடம் சதுரங்கப்பட்டினக் கடற்கரை. செங்கல்பட்டு மாவட்டத்தில் எண்ணெய் உற்பத்தி இல்லை. ஆனால் சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் உப்பை நீக்கும் இரு முறைகளையும் அருகருகே வைத்திருக்கிறது. நாளொன்றுக்கு 18 லட்சம் லிட்டர் நன்னீரைச் சவ்வுகள் வழியாக அழுத்திப் பெறலாம். 45 லட்சம் லிட்டரை, அணுமின் நிலையத்தின் நீராவி வெப்பத்தால் கடல்நீரைப் படிப்படியாக ஆவியாக்கிப் பெறலாம். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013 முதல் இயங்கும் 10 கோடி லிட்டர் ஆலை சவ்வு முறையை மட்டும் நம்புகிறது. கடல்நீரை வெகுவாக மிஞ்சிய உப்புக்குச் சவ்வு கைகொடுக்காது, ஆவியாக்கத்தான் வேண்டும். கல்பாக்கத்தில் வெப்பம் பக்கத்திலேயே கிடைக்கிறது, எஞ்சும் கடும் உவர்நீரை ஏற்கக் கடலும் இருக்கிறது. வயல்களுக்கு நடுவே உள்ள எண்ணெய்க் கிணற்றுக்கு இரண்டும் வாய்ப்பதில்லை.

அதனால் மறுபயன்பாடு வெற்றிபெற்ற இடங்களில் பெரும்பாலும் நீரின் உப்பு குறைவு. கலிஃபோர்னியாவின் கெர்ன் ஆற்று எண்ணெய்க் களத்து நீரை வால்நட் கொட்டையின் ஓட்டுத் துகள் நிரப்பிய வடிகட்டிகளில் தெளியவைத்து, வேறு நீரோடு கலந்து தோட்டங்களுக்குப் பாய்ச்சுகிறார்கள். ஓமானின் நிம்ர் களத்தில் பல நூறு ஹெக்டேர் நாணல் படுகைகள் நீரைத் தூய்மை செய்கின்றன. ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்து மங்களா களத்தில், எண்ணெயை வெளித்தள்ளும் அழுத்தம் குறையாதிருக்க அதே நீரை மறுபடி பாறைக்குள் செலுத்துகிறார்கள். இந்த வேலைக்கு நன்னீர் வீணாகாது என்பதால், இதுவே இந்தியாவுக்குப் பொருந்தும் முதன்மையான மறுபயன்பாடு.

காவிரிப் படுகையில் நரிமணம், கமலாபுரம், கோவில்களப்பால், குத்தாலம் முதலிய இடங்களில் ஓஎன்ஜிசி நிறுவனம் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறது. 1996-இல் மத்திய அரசு வகுத்த வரையறைப்படி, நிலத்தில் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்கு எண்ணெய் 10, குளோரைடு 600, கரைந்த திடப்பொருள் 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் 1,000 மீட்டருக்குக் கீழே கைவிடப்பட்ட கிணற்றில் செலுத்தினால் எண்ணெயும் மிதக்கும் திடப்பொருளும் மட்டுமே கணக்கில் வரும், உப்புக்கு வரம்பில்லை. உப்பை நீக்கும் செலவோடு ஒப்பிட்டால் எந்த நிறுவனமும் ஆழத்தையே தேர்ந்தெடுக்கும். கிணற்றைச் சுற்றிய இரும்புக் குழாயும் சிமென்ட்டும் உறுதியாக உள்ளவரை இது பாதுகாப்பான வழிதான். அவை அரித்துப்போனால் உவர்நீர் ஊரின் குடிநீர் அடுக்கில் கலக்கும்.

டெல்டாவின் மண் பெரும்பாலும் கனத்த களிமண். சோடியம் ஏறினால் அது இறுகி, நீரை உள்ளே விடாது. உப்பேறிய நீர் பாசனத்தை என்ன செய்யும் என்பதற்கு நொய்யலில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே சான்று. திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியதால் உழவர்களே அதன் நீரை வேண்டாமென்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

2017 ஜூன் 30 அன்று டெல்டாவிலுள்ள கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் உடைந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது. போராட்டமும் தடியடியும் கைதுகளும் தொடர்ந்தன. 2020-இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடைசெய்தது. அதற்கு முன்பே இயங்கிவந்த கிணறுகளை அது தொடவில்லை. அதிக நீர் தருபவை அந்தப் பழைய கிணறுகளே. ஆகவே ஒவ்வொரு செலுத்துகிணற்றிலும் எவ்வளவு நீர், எவ்வளவு உப்போடு, எந்த அழுத்தத்தில் இறங்குகிறது என்பதும், சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளின் உப்பளவும் மாதந்தோறும் அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.