ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய வகுப்பு: கிண்டர்கார்டனில் நம் பிள்ளைகளின் இடம்

ஆரணியை ஒட்டிய சேவூரில் பட்டுத் தறிகள் ஓடும் தெருக்களில் நாங்கள் களப்பணிக்காக நடக்கும்போது அடிக்கடி காண்கிற காட்சி இது. பெரியவர்கள் தறியில் இருப்பார்கள். நான்கு வயதுப் பிள்ளை ஒன்று கீழே உட்கார்ந்து, அறுந்து விழுந்த நூல் துண்டுகளைப் பொறுக்கி, சிவப்பை ஒரு பக்கமும் பச்சையை இன்னொரு பக்கமுமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கும். யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

இதே வேலையைத்தான் எல்.கே.ஜி. வகுப்பில் கட்டணம் வாங்கிக்கொண்டு கற்றுத் தருகிறார்கள். அங்கே அதற்கு வண்ணம் அறிதல், வகைப்படுத்துதல் என்று பெயர். மழலையர் வகுப்பில் கற்பதை நான்காகப் பிரிக்கலாம்: கேட்டலும் பேசுதலும் கதையுமாக மொழி, எண்ணுதல், அளத்தல், வடிவம் என்று கணக்கு, செடி, விலங்கு, நீர், ஊர் என்று சூழல், கையும் உடலும் பழகும் ஆடல், பாடல், கைவேலை. ஆனால் எந்தப் பாடத்திட்டத்திலும் அச்சிடாத ஐந்தாவது பாடம் ஒன்றும் அங்கே நடக்கிறது. யார் பக்கத்தில் யார் உட்காரலாம், யார் கையால் யார் சாப்பிடலாம் என்பதுதான் அது. இந்த ஐந்து பாடங்களிலும் நம் பிள்ளைகளுக்கு என்ன இடம் கிடைத்தது என்பதற்கு நூறாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. இளம் தோழர்கள் அதை அறிந்துகொள்ள வேண்டும்.

கிண்டர்கார்டன் என்ற பெயரை 1840இல் வைத்தவர் ஜெர்மனியின் ஃபிரெட்ரிக் ஃப்ரோபல். குழந்தை விளையாட்டின் வழியாகத்தான் கற்கிறது என்பது அவர் கண்டது. குழந்தைக்கு அவர் முதலில் கொடுக்கச் சொன்ன பொருள் பல நிறத்தில் நூலால் செய்த பந்துகள். கைவேலைகளில் ஒன்று வண்ணக் காகிதக் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்வது. பாவும் ஊடையும் என்று சேவூர்ப் பிள்ளை பார்த்துப் பார்த்து வளர்வதை அவர் பாடமாகவே வைத்திருக்கிறார். இந்த முறையைக் கண்டு அரசுகள் அஞ்சியதும் உண்டு. 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. சுதந்திரமாக வளரும் குழந்தை நாளை கேள்வி கேட்கும் என்ற பயம் அதிகாரத்துக்கு எப்போதும் இருக்கிறது.

இந்த முறை சென்னைக்கு வந்தபோது என்ன ஆயிற்று? பணக்கார வீட்டுப் பிள்ளைகளிடமிருந்துதான் தொடங்கியிருக்கும் என்று நினைப்போம். ஆனால் அது மிக முன்பாகவே வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று பறையர் பிள்ளைகளின் பள்ளி. 1894இல் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் அடையாறு அருகே, ஊரூர்ப் பகுதியில், ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பிறகு மயிலாப்பூரில் திருவள்ளுவர் பெயரில் ஒன்று உட்பட மேலும் சில பள்ளிகள் வந்தன. அமெரிக்காவிலிருந்து வந்த சாரா பால்மர், கோர்ட்ரைட் ஆகிய பெண்கள் அங்கே கிண்டர்கார்டன் முறையைக் கொண்டுவந்தார்கள். பறையர் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கிறோம் என்று கோர்ட்ரைட் 1906இல் ஒரு சிறு நூலே எழுதினார்.

அதே நேரத்தில் அந்தப் பள்ளிகளின் எல்லையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்குவது ஆல்காட்டின் நோக்கமாக இருக்கவில்லை. எழுத்து, கொஞ்சம் கணக்கு, சமையல், தையல் என்று பிழைப்புக்கு வேண்டிய அளவோடு நிறுத்திக்கொள்ளும் திட்டம் அது. ஆல்காட்டுக்குப் பின் அதே சபையின் தலைவரான அன்னி பெசன்ட், ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்கக் கூடாது என்று 1909இல் எழுதினார். உடல் சுத்தமும் நாற்றமும் அவர் சொன்ன காரணங்கள். அண்ணல் அம்பேத்கர் பின்னாளில் அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டிக் கண்டித்தார். நான்கு பாடங்களைக் கொடுத்த கையே ஐந்தாவது பாடத்தையும் கற்பித்தது.

இந்த இடத்தில்தான் எம்.சி. ராஜாவை நினைக்க வேண்டும். 1883இல் பிறந்த அவரை 1920இல் சென்னை சட்டமன்றத்துக்குச் சென்றவர் என்றும், 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்று அரசு குறிக்க வேண்டும் என 1922இல் தீர்மானம் கொண்டுவந்தவர் என்றும் அறிவோம். அவர் தொழிலால் பள்ளி ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆர். ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற மழலையர் பாட்டு நூலையும் அவர் கொண்டுவந்தார். சட்டமன்றத்தில் சமூகத்தின் பெயருக்காகப் போராடியவர், மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் வரும் பாட்டைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறார். பிள்ளைப் பாட்டு அவருக்கு அற்பமாகத் தெரியவில்லை. தலைவர்களின் வரலாற்றை எழுதும் நாம்தான் அந்த நூலை ஓரத்தில் விட்டுவிட்டோம்.

விடுதலைக்குப் பிறகு வந்த அரசியல் சாசனத்தின் 45ஆவது பிரிவு, பதினான்கு வயது முடியும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு பத்தாண்டுகளுக்குள் முயல வேண்டும் என்றது. தொடக்க வயது என்று எதுவும் அதில் இல்லை. அப்படியென்றால் மூன்று வயதுப் பிள்ளையும் அதற்குள் வருகிறது. 2002இல் நடந்த 86ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆனால் அந்த உரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. ஆறுக்குக் கீழே உள்ளவர்கள் மீண்டும் 'முயல வேண்டும்' என்ற வரிக்குள் தள்ளப்பட்டார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் மூன்று முதல் ஆறு வயதினருக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்றுதான் சொல்கிறது. 'செய்ய வேண்டும்' என்பதற்கும் 'செய்யலாம்' என்பதற்கும் இடையில் மூன்று வருடக் குழந்தைப் பருவம் விழுந்து கிடக்கிறது.

அந்த இடைவெளியில் பிள்ளையை இழுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது. தறித் தொழிலைப் பாருங்கள். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் துணி நெசவைத் தடை செய்த வேலைகளில் சேர்த்தது. ஆனால் குடும்பத்தார் தங்கள் வீட்டில் செய்யும் தொழிலுக்கு விலக்கு அளித்தது. 2016ஆம் ஆண்டின் திருத்தமும் பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலுக்கு உதவலாம் என்கிறது. வீடே தறிக்கூடமாக இருக்கும் ஊரில் இந்த விலக்கின் பொருள் என்ன என்று சொல்லத் தேவையில்லை. நூலை நிறம் பிரிக்கும் விளையாட்டு எந்த நாளில் வேலையாக மாறுகிறது என்று யாரும் குறித்து வைப்பதில்லை. முன்பணம் வாங்கிய வீட்டில் அந்த நாள் சீக்கிரம் வருகிறது. சொந்தத் தறியும் நிலமும் இல்லாமல் கூலிக்குப் போகும் வீட்டில் இன்னும் சீக்கிரம் வருகிறது.

இதைத் தடுக்க நம்மிடம் உள்ள பெரிய அமைப்பு அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்கள் இன்று தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்துக்கும் மேல். 2019இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. ஆனாலும் நாங்கள் பேசும் பெற்றோரில் பலர் "அங்கன்வாடி சோறு போடுற இடம், படிக்க நர்சரிதான்" என்கிறார்கள். கடன் வாங்கியாவது வேனில் ஏற்றி அனுப்புகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. தங்களுக்குத் தரம் குறைந்ததே தரப்படும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்தவர்கள்.

ஐந்தாவது பாடமும் இன்னும் ஓயவில்லை. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், தலித் பெண் சமைத்தால் தங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சாதி இந்துப் பெற்றோர் தகராறு செய்தார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் அகரம் கற்றார்களோ இல்லையோ, சாதியைக் கற்றிருப்பார்கள்.

ஆகவே தோழர்களே, கல்லூரி விடுதி, உதவித்தொகை, இடஒதுக்கீடு ஆகியவற்றுக்காகப் போராடும் அதே அக்கறையோடு உங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஒரு காலை நேரம் போய் உட்காருங்கள். மையம் ஊரில் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா? இரண்டு தெருப் பிள்ளைகளும் வருகிறார்களா? கதை சொல்கிறார்களா, படப் புத்தகம் பீரோவுக்குள் பூட்டியிருக்கிறதா? ஊழியருக்குப் பதிவேடு எழுதுவது போகப் பிள்ளைகளோடு இருக்க எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது? யார் சமைக்கிறார்கள், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? பார்த்ததை எழுதி வையுங்கள். கிராம சபையில் அதைப் படியுங்கள்.

சேவூரில் நூல் பிரிக்கும் அந்தப் பிள்ளைக்கு நிறம் தெரியும், எண்ணத் தெரியும், பாவும் ஊடையும் தெரியும். தன் பக்கத்தில் யார் உட்காரக் கூடாது என்பது மட்டும் இன்னும் தெரியாது. அது தெரியாமலே அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், தெரியாமலே திரும்பி வர வேண்டும். அதற்கான வேலை நம்முடையது.