கடன் வாங்கி நட்ட மரம்

சாலையோர மரம் என்றாலே மதுரைக்காரர்களுக்கு ராணி மங்கம்மாள் ஞாபகம்தான் வரும். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் சாலை போட்டு, சத்திரம் கட்டி, மரம் நட்ட மகராசி. திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்ததும் இந்த ஊர்ப் பக்கத்து மரங்களின் சரித்திரத்தைத் துழாவினேன். ராஜா கதை கிடைக்கும் என்று பார்த்தால், கிடைத்தது கடன் கதை. வங்கிக்காரனுக்கு வேறென்ன கண்ணில் படும் :-)

முதலில் மண். இங்கே பெரும்பாலும் செம்புரை மண். மலையாளத்தில் வெட்டுகல் என்பார்கள். வெட்டும்போது மெதுவாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகிவிடும். மலபாரில் அங்காடிப்புறத்தில் இதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807-ல் வெளியான தன் பயண நூலில் 'லேட்டரைட்' என்று பெயர் வைத்தார். 'லேட்டர்' என்றால் லத்தீனில் செங்கல். அடுத்தது மழை. வருஷத்துக்குச் சுமார் 1,800 மி.மீ., அதுவும் இரண்டு பருவமழை. நம்ம மதுரையைப் போல இரண்டு மடங்கு. மண்ணிலிருக்கும் சத்தையெல்லாம் அது கரைத்துக்கொண்டு போய்விடும்.

1980-களில் உலக வங்கிக் கடனில் கேரளாவில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. அதில் பெருமளவு நட்டது ஆஸ்திரேலியா, நியூகினி பக்கத்து அக்கேசியா. காரணம் இல்லாமல் இல்லை. மொட்டைச் செம்மண் மேட்டிலும் வளரும். வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். சில வருஷத்திலேயே விறகு கிடைக்கும்.

இப்போது எங்கள் கணக்குக்கு வருவோம். 10% வட்டியில் பார்த்தால், எட்டு வருஷம் கழித்து வரும் 100 ரூபாயின் இன்றைய மதிப்பு சுமார் 47 ரூபாய். நாற்பது வருஷம் கழித்து வரும் 100 ரூபாய்க்கு இரண்டே கால் ரூபாய்கூடத் தேறாது! இந்தக் கணக்கில் அயினியும் பலாவும் எந்த ஜென்மத்தில் ஜெயிக்கும்?

ஆனால் நிழல், பழம், பறவை, புயலில் விழாத கிளை இதெல்லாம் அந்தக் கணக்கில் வராது. அக்கேசியாவின் கிளை சுலபமாக முறியும். சருகு சீக்கிரம் மக்காது. 2016 டிசம்பரில் வர்தா புயலின்போது சென்னையிலும் இதே பாடம்தான். விழுந்ததில் குல்மோஹர், பெருங்கொன்றை மாதிரி வெளியூர் மரங்கள் ஏராளம்.

இந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகிய மரங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. மேட்டுச் செம்மண்ணில் பலா (2018 முதல் கேரளாவின் மாநிலப் பழம்), மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தப் பிள்ளையான அயினி (இங்கே ஆஞ்ஞிலி). கடலோர மணலில் புன்னை, பூவரசு. ஆற்றங்கரையில் நீர்மருது. தெருவோரத்துக்கு மகிழம்.

அக்கேசியாவைத் திட்டிப் பிரயோஜனமில்லை. விறகு கேட்டார்கள், விறகு கொடுத்தது. கேட்ட கேள்விதான் கோளாறு. மரம் நடுவதற்கு முன் 'எத்தனை வருஷத்தில் வளரும்?' என்று கேட்காமல், 'எத்தனை வருஷம் நிற்கும்?' என்று கேட்டிருக்கலாம்.

உங்க ஊர்த் தெருவில் என்ன மரம் நிற்கிறது? யார், எப்போது நட்டது? விசாரித்துப் பாருங்களேன்.