பவுன்: ஒரு நாணயப் பெயரின் பொருள் வரலாறு

கோலார் தங்கவயலில் பொன்னைப் பற்றிய பேச்சு பல அளவைகளில் நிகழ்ந்தது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்குக் கால்கொண்ட பின்னர், வெட்டியெடுக்கப்பட்ட தங்கம் அவுன்சில் கணக்கிடப்பட்டது. இலண்டனில் பதிவான சுரங்கக் கம்பெனிகளின் பங்குகளும் ஆதாயமும் பவுண்டு, ஷில்லிங்கில் குறிக்கப்பட்டன. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் ரூபாயிலும் அணாவிலும் கூலி பெற்றனர். அவர்கள் மகளுக்கு நகை செய்ய எண்ணியபோது வாயில் வந்த சொல் இவற்றுள் எதுவுமன்று, அது 'பவுன்'. கம்பெனிக் கணக்கின் 'பவுண்டு', தொழிலாளர் வீட்டின் 'பவுன்' ஆகிய இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லின் இரு வடிவங்கள். பொருளில் அவை எவ்வாறு விலகின என்பது மொழிபெயர்ப்பாளர் அறிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

ஆங்கில மூலச்சொல் நிறையைக் குறித்தே தோன்றியது. இலத்தீனில் 'லிப்ரா போண்டோ' என்பது 'ஒரு லிப்ரா எடையளவு' எனப் பொருள்படும். 'போண்டோ' ஆங்கிலத்திற்குச் சொல்லைத் தந்தது; 'லிப்ரா' நாணயக் குறியீட்டிற்கு எழுத்தைத் தந்தது. ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 பென்னி என்னும் பழங்கணக்கால் எடைப்பெயர் பணப்பெயராயிற்று. இன்றும் ஆங்கிலத்தில் ஒரே சொல் எடைக்கும் பணத்திற்கும் வழங்குகிறது. தமிழில் எடைக்கு அரபு வழி வந்த 'இராத்தல்' நெடுங்காலம் வழங்கியதால் அந்த இருபொருள் மயக்கம் பெரிதும் எழவில்லை.

தமிழரின் கைக்கு வந்த பவுன், 'சாவரின்' எனப்படும் பொற்காசு. ஏழாம் ஹென்றி 1489இல் முதன்முதலாக வெளியிட்ட இப்பெயருடைய காசு, 1817இல் புதிய வடிவில் மீண்டது. 22 காரட் தரமும் 7.988 கிராம் எடையும் உடையது. ஒரு பவுண்டு மதிப்புப் பெற்றது. 'சாவரின்' என்பதன் ஆங்கில எழுத்துக்கூட்டலில் உள்ள ககர ஒலிக்குரிய எழுத்து, 'ஆட்சி' எனப் பொருள்படும் வேறொரு சொல்லுடன் தவறாக இணைத்துப் பார்த்ததால் புகுந்தது. அச்சொல்லே தமிழில் 'சவரன்' ஆயிற்று. ஆகவே காசின் பெயரும் அதன் மதிப்பின் பெயரும் ஒருசேரத் தமிழுக்கு வந்து ஒருபொருட் பன்மொழியாயின.

1899இல் இக்காசு இந்தியாவில் 15 ரூபாய் மதிப்பில் சட்டமுறை நாணயமாக்கப்பட்டது. 1918இல் பம்பாயிலேயே அச்சிடப்பட்டது. ஆயினும் அது பெட்டியிலும் பொற்கொல்லர் பட்டறையிலும் தங்கியதே மிகுதி. காசை உருக்கினால் அறிந்த தரமும் அறிந்த எடையும் உடைய பொன் கிடைக்கும். துலாக்கோலின் தேவை கூடக் குறைவு. காசின் பெயர் எடையின் பெயராக மாறியதற்கு இதைவிட வலிய காரணம் தேட வேண்டியதில்லை.

இம்மாற்றத்திற்குச் சான்று தொடரமைப்பிலேயே உள்ளது. 'பத்துப் பவுன் சங்கிலி' என்பதில் பன்மை விகுதி வருவதில்லை. 'பத்துப் படி அரிசி' போன்ற அளவைத்தொடர் அது. 'கால் பவுன் தோடு' இன்னும் தெளிவானது. அரைச் சாவரின் புழக்கத்தில் இருந்தது. கால் சாவரின் அக்காலப் புழக்கத்தில் இல்லை. இல்லாத காசின் பெயரால் தோடு அளக்கப்பட்டதெனின் அங்கே 'பவுன்' எடையே. பின்னர்க் காசைத் தனித்துச் சுட்ட 'பவுன் காசு' என்னும் கூட்டுச்சொல் தேவைப்பட்டது. பவுனம்மாள் என்னும் பெயரிலோ அது பொன் என்றே பொருள்படுகிறது. சோழர் கல்வெட்டுகளில் 'கழஞ்சு' பொன்னின் நிறையாகவும் மதிப்பாகவும் நின்றதை நோக்க, தமிழுக்கு இது புதிய பாதையன்று.

1920இல் சாவரின் மதிப்பு 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. 1927இல் அது சட்டமுறை நாணயத் தகுதியை இழந்தது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் பொன் அளவையைக் கைவிட்டபின், ஆங்கிலேயரின் பவுண்டுக்கும் பொன்னின் எடைக்கும் இருந்த சட்டத் தொடர்பு அறுந்தது. பவுண்டு தாளாகி மதிப்பில் இறங்கியது. தமிழரின் பவுன் எடையாகவே நின்றது. மெட்ரிக் அளவை வந்தபின் அது முழு எட்டுக் கிராமாகத் திருத்தப்பட்டு நிலைத்தது. எடையிலிருந்து பணத்திற்குச் சென்ற சொல், தமிழில் பணத்திலிருந்து எடைக்குத் திரும்பியது.

அண்டை வழக்குகளும் ஒப்புநோக்கத்தக்கன. இலங்கைத் தமிழில் 'பவுண்' என ணகரம் நிற்கிறது. மலையாளம் 'பவன்' என்கிறது. தெலுங்கில் இதே எட்டுக் கிராம் 'காசு' எனப்படும். தென்னிந்திய ஆங்கிலமும் தமிழின் வழியே சென்றது. 'இருபது சாவரின் தங்க நகை' என்னும் பொருள்படச் சென்னை ஆங்கில நாளேடுகள் எழுதுவதைப் படிக்கும் இலண்டன் வாசகர், இருபது காசுகளையே நினைப்பார்.

எனவே ஆவணத்தின் ஆண்டு முதலில் கவனிக்கப்பட வேண்டும். 1910ஆம் ஆண்டின் ஓர் உயில் 'ஐம்பது பவுன் ரொக்கம்' என்றால் அது 750 ரூபாய் மதிப்புள்ள காசு. 'ஐம்பது பவுன் நகை' என்றால் ஏறத்தாழ 400 கிராம் எடை. இன்றைய வழக்கில் எடையே முதற்பொருள். நகையின் தரம் 22 காரட்டா என்பது தனியே கேட்டறிய வேண்டியது. சுரங்கக் கம்பெனியின் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்குவோர் அங்குள்ள பணத்தைப் 'பவுண்டு' என்றே எழுதுதல் வேண்டும். கோலார்ச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டன. இராபர்ட்சன்பேட்டைக் கடைவீதித் தமிழில் 'பவுன்' இன்னும் எட்டுக் கிராம்.