கோவை மாநகராட்சியின் முதல் பெண் மேயர்

கோயம்புத்தூர் 1866இல் நகராட்சியாயிற்று. ஸ்டேன்ஸ் பள்ளியை நிறுவிய ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையே அதன் முதல் தலைவர். 1981இல் அது மாநகராட்சியாக உயர்ந்தது. 1996இல் அதன் முதல் மேயர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் 2022 மார்ச் 4ஆம் நாள் கல்பனா ஆனந்தகுமார் அம்மையார் பொறுப்பேற்கும் வரையில் பெண் ஒருவரும் அவ்விருக்கையில் அமர்ந்ததில்லை. சென்னையிலோ தாரா செரியன் அம்மையார், ஒதுக்கீடு ஏதுமின்றி, 1956இலேயே மேயரானார்.

இத்தாமதத்திற்குக் கொங்கு நாட்டுப் பெண்களின் திறமைக் குறைவே காரணம் என்பார் உளராயின், அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. பஞ்சாலைகளில் அவர்கள் சிந்திய வியர்வையின்றி இந்நகர் இத்துணை வளர்ந்திராது. உழைக்க இடம் கிடைத்தது. ஆள இடம் கிடைக்கவில்லை. கதவைத் திறந்தது சட்டமே. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகர மன்ற இடங்களில் மூன்றிலொரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கிற்று. 2016இல் தமிழகம் அதனைப் பாதியாக்கிற்று. 2022இல் கோவை மேயர் பதவியே பெண்களுக்கென ஒதுக்கப்பட, 19ஆவது வார்டின் உறுப்பினராகிய கல்பனா அம்மையார் மேயரானார்.

முன்னோடிகளின் வரலாற்றை வெற்றிக் காதையாகவே எழுதுவது நம் வழக்கம். இவரோ ஐந்தாண்டுக் காலத்தை நிறைவு செய்யவில்லை. 2024 ஜூலையில் பதவி விலகினார். ஆயினும் ஒதுக்கீடு நிலைத்திருந்தமையால் அடுத்த மாதமே ரங்கநாயகி ராமச்சந்திரன் அம்மையார் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.