எச்டி-2 முதல் தீபக் வரை: இந்தியாவின் பிஸ்டன் எஞ்சின் பயிற்சி விமானங்கள்

எச்டி-2, எச்பிடி-32 தீபக் ஆகியவை இந்திய விமானப்படையின் புதிய விமானிகள் பறக்கக் கற்ற, பெங்களூரில் வடிவமைக்கப்பட்ட பிஸ்டன் எஞ்சின் விமானங்கள். திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதிக்கு அருகே, தாம்பரத்தில் 1954 முதல் இயங்கும் விமானப் பயிற்றுநர் பள்ளியிலும் இவை பறந்தன.

எச்டி-2

இதற்கு முன் மாணவர்கள் டைகர் மாத் விமானத்தில் பயின்றனர். அதன் இரட்டை இறக்கைகள் மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியவை. வி. எம். காட்கே தலைமையிலான குழு வடிவமைத்த எச்டி-2 முழுவதும் உலோகத்தால் ஆனது. ஆகஸ்ட் 1951இல் அது முதன்முதலில் பறந்தது. ஒற்றை இறக்கை உடற்பகுதியின் அடியில் அமைந்தது. மாணவரும் பயிற்றுநரும் முன்பின்னாக அமர்ந்தனர். தயாரிப்பில் வந்த விமானங்களில் 155 குதிரைத்திறன் கொண்ட சிரஸ் மேஜர் எஞ்சின் இருந்தது. அதன் நான்கு சிலிண்டர்களையும் எதிர்க்காற்றே குளிர்வித்தது.

தீபக்

1977 ஜனவரியில் முதன்முதலில் பறந்த தீபக்கில் இருவரும் அருகருகே அமர்ந்தனர். வால்சக்கரத்துக்குப் பதில் மூக்குச்சக்கரம் வந்தது. எஞ்சின், ஆறு சிலிண்டர்கள் கொண்ட 260 குதிரைத்திறன் லைகமிங்.

ஒற்றை எஞ்சின் விமானத்தில் எஞ்சின் நின்றாலும் இறக்கையின் தூக்குவிசை உடனே மறைவதில்லை. விமானி மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காத்தால், சறுக்கிப் பறந்து தரையிறங்க இடம் தேடலாம். தீபக்கில் எஞ்சின் நடுவானில் நிற்பது தொடர் சிக்கலானது. சறுக்கிப் பறக்கும் திறனும் குறைவு என்பதால் உயரம் விரைவில் கரைந்தது. இடம் தேட நேரம் கிடைக்கவில்லை. 17 விபத்துகளில் 19 விமானிகள் உயிரிழந்தனர். ஜூலை 2009 விபத்தில் இருவர் இறந்தபின் தீபக் விமானங்கள் நிறுத்தப்பட்டன. 2013இல் டர்போபிராப் எஞ்சின் கொண்ட பிலாட்டஸ் விமானங்கள் அவற்றின் இடத்துக்கு வந்தன.