பைபிள், பீஸ், பாஸ்: மதராஸ் கல்லூரிகளின் பழைய போட்டி

சென்னையில் இன்று ஒரு பையன் அரசுக் கல்லூரியில் சேர்ந்தால் அப்பாவின் பை தப்பியது; தனியாரில் சேர்ந்தால் நகை அடகுக்குப் போகும். 1841-இல் கணக்கு நேர் தலைகீழாக இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று கவர்னர் எல்பின்ஸ்டோன் திறந்துவைத்த சர்க்கார் உயர்நிலைப் பள்ளியில் மாதச் சம்பளம் 4 ரூபாய். அந்தக் காலத்துக்கு அது பெரிய தொகை. ஊரில் பலர் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டே பச்சையப்ப முதலியார் அறக்கட்டளை, ஏழை இந்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறோம் என்று பள்ளி திறந்தது. சர்க்கார் பள்ளி பணம் உள்ளவனுக்கு, தனியார் பள்ளி இல்லாதவனுக்கு என்றுதான் மதராஸின் கல்விச் சந்தை தொடங்கியது.

பணம் அப்போதும் முதல் கேள்வியாக இருக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. “பள்ளியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள்?” என்பதைவிட, “பையன் வீடு திரும்பும்போது நம்ம பையனாகவே திரும்புவானா?” என்பதே பெற்றோரின் கவலை. அந்தக் கவலைக்குக் காரணம், சர்க்காருக்கு நான்கு ஆண்டுகள் முன்பே கடை விரித்திருந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன்.

ஆண்டர்சன் 1837 ஏப்ரல் 3 அன்று அரண்மனைக்காரத் தெருவில் 59 பையன்களோடு பள்ளியைத் தொடங்கினார். இங்கிலீஷ் உண்டு, கணக்கு உண்டு, கூடவே பைபிளும் கட்டாயம் உண்டு. மறு ஆண்டு தாழ்த்தப்பட்ட சாதிப் பையன்கள் சிலரை அவர் சேர்த்துக்கொண்டார். மேல்சாதிப் பையன்கள் கும்பலாக வெளியேறினார்கள். அந்தப் பையன்களை நீக்கினால் திரும்பி வருகிறோம் என்று பேரம் பேசினார்கள், ஆண்டர்சன் அசையவில்லை. 1841-இல் மாணவர் இருவர் ஞானஸ்நானம் பெற்றபோது மீண்டும் வகுப்புகள் காலியாயின. சில மாதங்கள் கழித்துப் பெஞ்சுகள் மெல்ல நிரம்பத் தொடங்கும். அடுத்த மதமாற்றச் செய்தி வந்ததும் மறுபடி காலியாகும். பயந்து ஓடியவர்கள் ஏன் திரும்பி வந்தார்கள்? இங்கிலீஷ்தான். கலெக்டர் கச்சேரியிலும் கோர்ட்டிலும் குமாஸ்தா நாற்காலி இங்கிலீஷ் தெரிந்தவனுக்கே என்பது அதற்குள் ஊருக்குப் புரிந்துபோயிருந்தது.

சர்க்கார் பள்ளி பிறந்த கதைக்கும் இந்தப் பயத்துக்கும் நெருக்கம் உண்டு. 1839 நவம்பரில் மதராஸ் வாசிகள் 70,000 பேர் கையெழுத்திட்ட ஒரு மனு கவர்னரிடம் போனது. இங்கிலீஷ் இலக்கியத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒரு கல்லூரி வேண்டும் என்பது கோரிக்கை. அதை முன்னின்று கொண்டுபோனவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். விளைவாக ஒரு பல்கலைக்கழக வாரியம் அமைந்தது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த இளைஞர் ஐயர் பர்ட்டன் பவல் வந்து சேர்ந்தார். எழும்பூரில் ஒரு வாடகைக் கட்டடத்தில் ஆயத்தப் பள்ளியாகத் தொடங்கியது, பின்னர் பாபம்ஸ் பிராட்வேக்கு இடம் மாறியது. மதம் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது அங்கே விதி.

இதே நார்ட்டன்தான் பச்சையப்பர் சொத்தையும் கல்விக்குத் திருப்பிவிட்டவர்களில் முக்கியமானவர். துபாஷியாகப் பெருஞ்செல்வம் சேர்த்த பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தார். கோயில் கைங்கரியங்களுக்கும் தான தர்மங்களுக்கும் உயில் எழுதியிருந்தார். உறவினர்களும் நிர்வாகிகளும் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு பல பத்தாண்டுகள் நீண்டது. அதுவரை வட்டி குட்டி போட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் கோயில்களுக்குப் போக மிஞ்சிய உபரியில்தான் பள்ளி. 1842 ஜனவரி 1 அன்று அதுவும் பாபம்ஸ் பிராட்வேயிலேயே திறந்தது. 1850-இல் எஸ்பிளனேடு ஓரத்தில் ஏதென்ஸ் நகரத்து கிரேக்கக் கோயில் ஒன்றை அச்சாகக் கொண்டு தூண்கள் நிறுத்திக் கட்டிய பச்சையப்பன் மண்டபம், சிவபக்தர் பணத்தில் எழுந்தது என்று இன்று பார்ப்பவர் நினைக்க மாட்டார். சொத்து வழக்கு சீக்கிரம் முடிந்திருந்தால் இந்தப் பள்ளி வந்திருக்குமா என்பது சந்தேகமே.

ஆக, 1840-களில் கறுப்பர் நகரத்துத் தகப்பன் ஒருவர் மூன்று இடங்களையும் நடந்தே பார்த்துவிடலாம். பாதிரியார் பள்ளியில் மதம் மாறும் அபாயம், சர்க்கார் பள்ளியில் 4 ரூபாய், பச்சையப்பனில் இந்துவாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை. அந்தக் கடைசி நிபந்தனை 1947 வரை நீடித்தது. இந்துக்களிலும் எல்லாருக்கும் அந்தக் கதவு திறந்துவிடவில்லை. தாழ்த்தப்பட்ட சாதியார் அதன் வழியாக உள்ளே வரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆண்டர்சன் 1838-இலேயே தீர்த்துவிட்ட விஷயம் அது. ‘நம்மவர் பள்ளி’ என்ற பெருமையைப் பேசுகிறவர்கள் இந்தப் பகுதியைச் சுருக்கிச் சொல்லிவிடுவது வழக்கம்.

மதம் வெளியே என்ற சர்க்கார் விதியும் உறுதியாக நிற்கவில்லை. 1846-இல் கவர்னர் ட்வீடேல், சர்க்கார் பள்ளியிலும் பைபிளைப் பாடமாக வைக்கலாம் என்று எழுதினார். காஜுலு லட்சுமிநரசு செட்டி போன்றவர்கள் கூட்டம் கூட்டி எதிர்த்தார்கள். லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் கவர்னர் பேச்சை ஏற்கவில்லை. பெற்றோரின் நம்பிக்கை தப்பியது.

சர்க்கார் பள்ளி 1855-இல் மாநிலக் கல்லூரி ஆனது; 1857 செப்டம்பரில் மதராஸ் பல்கலைக்கழகம் வந்தது. பல்கலைக்கழகம் என்றால் அப்போது பாடம் நடத்தும் இடம் இல்லை, பரீட்சை நடத்தும் இடம். போட்டியின் விதியை அதுதான் மாற்றியது. மூன்று கல்லூரிகளின் பையன்களும் ஒரே கேள்வித்தாளுக்கு விடை எழுதினார்கள். எங்கே எத்தனை பேர் தேறினார்கள் என்பதை ஊர் எண்ணத் தொடங்கியது. முதல் பி.ஏ. பட்டம் பெற்ற இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள்: சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும். இருவரும் வட்டுக்கோட்டை அமெரிக்க மிஷன் செமினரியில் படித்தவர்கள். மதராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளைத் தயாரித்தது கடல் கடந்த ஒரு மிஷன் பள்ளி.

பாதிரியார் வில்லியம் மில்லர் 1862-இல் வந்து இறங்கியபோது வயது 24. அரண்மனைக்காரத் தெருப் பள்ளியின் வாரிசாக எஸ்பிளனேடில் நடந்துகொண்டிருந்த நிறுவனத்தை அவர் பட்டப்படிப்புக் கல்லூரியாக வளர்த்தார். 1877-இல் வேறு சில மிஷன் சபைகளையும் சேர்த்துக்கொண்டு அது சென்னை கிறித்தவக் கல்லூரி ஆனது. மில்லரின் சாமர்த்தியம் வேறிடத்தில் இருந்தது. பையன்களை உடனே மதம் மாற்றுவது தன் வேலை இல்லை என்று அவர் வெளிப்படையாகவே நடந்துகொண்டார். இந்து சமூகம் முழுவதிலும் கிறித்தவச் சிந்தனை மெல்ல ஊறட்டும் என்பது அவர் கணக்கு. சக பாதிரிமார்களுக்கு இது பிடிக்கவில்லை. பெற்றோருக்குப் பிடித்தது. சேர்க்கை ஏறியது.

அடுத்து அவர் குறிவைத்தது மாநிலக் கல்லூரியை. 1882-இல் ரிப்பன் பிரபு அமைத்த ஹண்டர் கல்விக் குழுவில் மில்லரும் ஓர் உறுப்பினர். உயர்கல்வியை நடத்த ஆள் இருக்கும் இடத்தில் சர்க்காருக்கு என்ன வேலை, விலகிக்கொண்டு மானியம் மட்டும் கொடுக்கட்டும் என்பது மிஷன் தரப்பின் வாதம். இன்று தனியார்மயம் பேசுகிறவர்கள் சொல்லும் அதே வாதத்தை அன்று பாதிரிமார்கள் சொன்னார்கள். சர்க்கார் விலகினால் அந்த இடத்தில் பைபிள்தான் வந்து உட்காரும் என்று ஊர்ப் பெரியவர்கள் பதறினார்கள். குழு நடுவழியில் நின்றது: சர்க்கார் படிப்படியாக ஒதுங்கலாம், ஆனால் கல்வி மிஷன்களின் கைக்குப் போய்விடக் கூடாது. இன்னொன்றும் சொன்னது. மானியம் வாங்கும் கல்லூரிகள், பக்கத்துச் சர்க்கார் கல்லூரி அளவுக்குச் சம்பளம் வசூலிக்க வேண்டியதில்லை. அரசுக் கல்லூரி விலை கூடுதலாகவும் தனியார் கல்லூரி மலிவாகவும் இருப்பது அப்படி ஏட்டிலும் ஏறியது. மாநிலக் கல்லூரி பிழைத்தது. 1870 முதல் அது கடற்கரையில், சிஷோம் வடிவமைத்த சிவப்புக் கட்டடத்தில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. அதை மூடுவது எந்தக் கவர்னருக்கும் எளிதாக இருந்திருக்காது.

1888-இல் மில்லரின் கணக்கும் ஒருமுறை பிசகியது. மாணவர் ஒருவர் மதம் மாறப்போகிறார் என்ற பேச்சில் கிறித்தவக் கல்லூரிப் பையன்கள் கொந்தளித்து வகுப்பைப் புறக்கணித்தார்கள். இந்துக்களுக்கென்று முழுக் கல்லூரி வேண்டும் என்ற குரல் பத்திரிகைகளில் ஓங்கியது. 1889-இல் பச்சையப்பன் முதல் தரக் கல்லூரியாக உயர்ந்தது. மில்லரின் செல்வாக்கு அதனால் சரிந்துவிடவில்லை. 1901-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, பழைய மாணவர்கள் எஸ்பிளனேடில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதே ஆண்டு அவர் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஆனார். இந்தப் பதவியில் தனியார் கல்லூரி முதல்வர் ஒருவர் உட்கார்ந்து சர்க்கார் கல்லூரிக்கும் சேர்த்துப் பரீட்சை நடத்தியதை இன்று கற்பனை செய்வது கடினம்.

தமிழ் படிக்க எங்கே போவது என்ற கேள்வி இந்தக் காலத்தில்தான் சுவையானது. கிறித்தவக் கல்லூரியில் அங்கேயே படித்துப் பட்டம் பெற்ற வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார், நாம் பரிதிமாற்கலைஞர் என்று அறிபவர், தமிழ்த்துறையை நடத்தினார். 1898-இல் அங்கே நாகை வேதாசலம் பிள்ளை ஆசிரியராகச் சேர்ந்தார். பின்னாளில் அவர் மறைமலையடிகள். 1903-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியிலிருந்து உ. வே. சாமிநாதையர் மாநிலக் கல்லூரிக்கு மாற்றலாகி வந்தார். 1919 வரை இருந்தார். சுவடி பதிப்பித்த தமிழ் சர்க்கார் கல்லூரியில், தனித்தமிழாகக் கிளைத்த தமிழ் பாதிரியார் கல்லூரியில். அந்த 1903-இலேயே சாஸ்திரியார் 33 வயதில் இறந்துவிட்டார்.

எந்தக் கல்லூரி சிறந்தது என்ற சண்டையை ஒரு கும்பகோணத்துப் பையனின் கதை குழப்பிவிடும். ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்றதில் தோற்று உதவித்தொகையை இழந்தார். 1906-இல் பச்சையப்பனில் சேர்ந்தார், எஃப்.ஏ. பரீட்சையில் தோற்றார். 1912-இல் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு விண்ணப்பித்தபோது பரிந்துரைக் கடிதம் கொடுத்தவர் மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட். ராமானுஜனின் சூத்திரங்களைப் பார்த்து வியந்தவர்களில் கிறித்தவக் கல்லூரி ராஸும் ஒருவர். பிறகு பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் கொடுக்காமல் மூன்று கல்லூரிகளும் பங்கு போட்டுக்கொண்ட மாணவர் அவர்.

ஆசிரியர்களும் இப்படித்தான் வேலி தாண்டினார்கள். கிறித்தவக் கல்லூரியில் எம்.ஏ. முடித்த ராதாகிருஷ்ணன் 1909-இல் மாநிலக் கல்லூரியில் வேலைக்குப் போனார்.

பெண்களுக்கு இந்தத் தேர்வு வெகு தாமதமாகவே கிடைத்தது. விதவைப் பெண்களின் கல்விக்காக உழைத்த சகோதரி சுப்புலட்சுமி ஆண்களோடு மாநிலக் கல்லூரியில் படித்துத்தான் 1911-இல் பட்டம் பெற்றார். 1914-இல் சர்க்கார், டாரதி டி லா ஹே தலைமையில், கடற்கரையில் பெண்கள் கல்லூரி திறந்தது; 1917-இல் அது ராணி மேரி கல்லூரி ஆனது. அது திறந்து ஓர் ஆண்டு கழித்து 1915 ஜூலையில் எலினார் மெக்டூகல், மிஷன் சபைகளின் கூட்டு முயற்சியில், 41 மாணவிகளோடு பெண்கள் கிறித்தவக் கல்லூரியைத் தொடங்கினார். ஆண்களுக்கு எழுபது ஆண்டுகளில் நடந்த போட்டி பெண்களுக்குப் பன்னிரண்டு மாத இடைவெளியில் அரங்கேறியது. 2003-இல் ராணி மேரி கல்லூரியை இடித்துவிட்டுத் தலைமைச் செயலகம் கட்டும் திட்டம் வந்தபோது மாணவிகள் வளாகத்தை விட்டு நகராமல் உட்கார்ந்து போராடினார்கள். கல்லூரி அங்கேயே நிற்கிறது. மானியம் கொடுக்கும் கைக்கு மனையும் சொந்தம் என்பது அரசுக் கல்லூரிக்கே உரிய ஆபத்து.

பெண்கள் கல்லூரிகள் எழுந்த அந்தக் காலத்தில் கறுப்பர் நகரம் நெரிசலானது. 1925-இல் ஏசு சபையார் நுங்கம்பாக்கத்தில் 75 மாணவர்களோடு லயோலாவைத் தொடங்கினார்கள். 1937-இல் கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டில் 390 ஏக்கருக்குப் போனது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் மனைவியோடு சேர்ந்து அங்கே வேறூர் மரங்களையெல்லாம் கொண்டுவந்து நட்டார். 1940-இல் பச்சையப்பன் சேத்துப்பட்டுக்கு மாறியது. மூன்றையும் நடந்தே பார்த்த தகப்பனின் பேரன் மின்சார ரயிலில் ஏற வேண்டியதாயிற்று.

விலைப்பட்டியல் எப்போது புரண்டது? சுதந்திரத்துக்குப் பிறகு அரசு கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. பழைய தனியார் கல்லூரிகளில் ஆசிரியர் சம்பளத்தையும் அரசே ஏற்றது. பெயர்ப்பலகை தனியார், சம்பளப் பட்டியல் சர்க்கார். எல்லை இன்னொரு பக்கமும் கரைந்தது: 1949-இல் சி. ராஜம் தம் வீட்டை விற்றுக் குரோம்பேட்டையில் தொடங்கிய எம்.ஐ.டி., 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்து அரசின் சொத்தானது. 1980-களின் நடுவில் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தபோதுதான் தனியார் என்றால் விலை அதிகம் என்ற பொருள் நிலைத்தது. அவற்றில் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாகி, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்காதவர்களை மட்டுமல்ல, கிடைத்தவர்களையும் அழைக்கத் தொடங்கின.

இப்போது அந்தக் கோடு பழைய கல்லூரிகளின் வளாகத்துக்குள்ளேயே ஓடுகிறது. காலையில் எய்டட், மதியம் செல்ஃப் என்று இரண்டு ஷிப்டு நடத்தும் கல்லூரிகள் நகரில் பல. ஒரே பி.காம்., ஒரே கேள்வித்தாள். ஒருவர் கட்டுவதைப்போல் இன்னொருவர் பல மடங்கு கட்டுகிறார். மே மாதத்தில் விண்ணப்பம் வாங்க நிற்கும் பெற்றோர் கேட்பது கல்லூரிப் பெயரை அல்ல, ஷிப்டு எது என்பதை.