இரண்டு ரிங்குகளுக்கு இடையே: ஜோகூர்த் தூண்களும் கம்பி நெளிவும்

2025 ஆகஸ்டு 24 காலை 6.13 மணிக்கு ஜோகூரின் சிகாமட்டில் 4.1 அளவுள்ள நிலநடுக்கம் பதிவானது. அன்று காலையே குளுவாங் அருகே 2.8 அளவில் இன்னொன்று. இப்படி நிலம் அதிரும்போதெல்லாம், இதைவிடப் பெரிய நடுக்கம் இங்கே வருமா என்றே முதலில் கேட்கிறோம். வந்தால் தூணின் நெடுங்கம்பியை எது பிடித்து நிறுத்தும் என்ற கேள்விக்கும் அதே எடை உண்டு. அதற்கு விடை நம் கையிலேயே இருக்கிறது.

நடுக்கத்தில் தூண் ஒருபக்கம் வளையும்போது அந்தப் பக்கத்துக் காப்புக் கான்கிரீட் நொறுங்கி உரிகிறது. எதிர்ப்பக்கத்துக் கம்பி இளகி நீள்கிறது, விரிசல் வாய் திறக்கிறது. ஆட்டம் திரும்பும்போது விரிசல் மூடுவதற்குள், நீண்டுபோன அந்தக் கம்பி தனியாளாக அழுத்தத்தை ஏற்க வேண்டியிருக்கிறது. வெளிப்பக்கம் அதைத் தடுக்க, நெடுங்கம்பிகளைச் சுற்றிக் குறுக்கே கட்டிய ரிங்கைத் தவிர வேறெதுவும் இல்லை. ரிங்குகள் விலகி நின்றால் கம்பி வெளியே பிதுங்குகிறது. இதையே நெளிவு என்கிறோம்.

20 மி.மீ. விட்டமும் 500 மெகாபாஸ்கல் இளகு தகைவும் கொண்ட கம்பியை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் நெடுங்காலம் வழங்கிய பிரிட்டிஷ் நெறி பிஎஸ் 8110, கம்பி விட்டத்தைப் போல் 12 மடங்கு வரை, அதாவது 240 மி.மீ. வரை, ரிங் இடைவெளியை அனுமதித்தது. முனைகள் திரும்பாமல் பிடிபட்டிருப்பதாகக் கொண்டால், ஆய்லர் சூத்திரப்படி அந்தக் கம்பி நெளிய ஏறத்தாழ 3,430 மெகாபாஸ்கல் வேண்டும். இளகு தகைவைப் போல் ஏழு மடங்கு! கட்டடத்தின் எடையை மட்டும் கருதினால் அந்த விதியில் குறை காண முடியாது.

ஆனால் அந்தக் கணக்கு இரும்பின் யங் குணகம் 2 லட்சம் மெகாபாஸ்கலாகவே நீடிக்கும் என்று கொள்கிறது. இளகிய இரும்புக்கு 1889இல் பொறியாளர் எங்கெஸ்ஸர் முன்வைத்த தொடுகோட்டுக் குணகமே பொருந்தும். கணக்கைத் திருப்பிப் போட்டால், 12 மடங்கு இடைவெளியில் இந்தக் குணகம் தொடக்க மதிப்பில் 15 விழுக்காட்டுக்குக் கீழ் இறங்கியதுமே கம்பி நெளிகிறது. 8 மடங்கில் 6.5 விழுக்காடு வரையிலும், 6 மடங்கில் 3.6 விழுக்காடு வரையிலும் தாங்குகிறது. முன்னும் பின்னும் இழுபடும் இரும்பு படிப்படியாக மென்மையாவதால், 15 விழுக்காட்டை எட்ட அதிக நேரம் ஆகாது.

இடைவெளியைவிட, ரிங்கின் முனையை மடித்துப் பூட்டும் கொக்கியைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். 90 பாகையில் மடித்த கொக்கி காப்புக் கான்கிரீட்டை நம்பி நிற்பது. அது உரிந்ததும் திறந்துகொள்கிறது. ஒரு ரிங் கைவிட்டால் கம்பியின் கட்டற்ற நீளம் இரட்டிப்பாகிறது. அப்போது மேற்படி 15 விழுக்காடு 58 ஆக ஏறுகிறது: இளகத் தொடங்கிய கணத்திலேயே நெளிவும் தொடங்கிவிடும். 135 பாகைக் கொக்கியின் நுனி தூணின் உட்கருவுக்குள் புதைந்திருப்பதால் மேற்புறம் உரிந்தாலும் பிடியை விடுவதில்லை.

மலேசியத் தீபகற்பத்தில் நில அதிர்வு குறைவுதானே என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் தொலைவில் நேரும் நடுக்கமும் கட்டடங்களைச் சாய்க்கக்கூடும்: 2001 புஜ் நடுக்கத்தில் 200 கி.மீ.க்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. கார் நிறுத்தத் திறந்துவிட்ட கீழ்த்தளங்கள் அங்கே முக்கியக் காரணம். 2007 மார்ச் 6 சுமத்ரா நடுக்கத்தை ஜோகூர் பாருவும் உணர்ந்தது.

இன்றைய கான்கிரீட் நெறியான யூரோகோடு 2 ரிங் இடைவெளிக்குப் பரிந்துரைப்பது கம்பி விட்டத்தைப் போல் 20 மடங்கு. தூண் முனைகளில் அதை 0.6ஆல் பெருக்கினால் மீண்டும் அதே 12. நெளிவு நேரும் இடத்தில் புதிய நெறி பழையதைவிட ஓரடியும் முன்னேறவில்லை. நிலநடுக்கத்துக்கான யூரோகோடு 8இன் நடுத்தர நெகிழ்திறன் வகுப்பு அங்கே 8 மடங்கைத் தாண்டவிடாது. 3 மீட்டர்த் தூணில் இரு முனைகளிலும் அரை மீட்டர் அளவுக்கு இந்த 8 மடங்கைக் கடைப்பிடித்தால், கூடுதலாகத் தேவைப்படுபவை ஏறத்தாழ இரண்டு ரிங்குகள். அதிர்வு குறைந்த வட்டாரம் என்ற காரணத்துக்காக இந்த இரண்டையும் விட்டுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய கடைவீடுகளின் சிக்கல் வேறு. கம்பியறியும் கருவி ரிங் இடைவெளியைக் காட்டிவிடும். கொக்கி எந்தக் கோணத்தில் மடிந்திருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டாது. கீழ்த்தளம் திறந்திருக்கும் கட்டடங்களில் ஒன்றிரண்டு தூண்களைத் தேர்ந்து, முனையில் காப்புக் கான்கிரீட்டைக் கொத்தியெடுத்துக் கொக்கியை நேரில் பார்க்க வேண்டும். சிகாமட்டிலிருந்தே இதைத் தொடங்கலாம்.